எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

1. முந்நூறு மீட்டர் போட்டிக்காக எங்கள் கிளப் வைத்திருந்த ஒரே ரைஃபிளின் பேரல் தேய்ந்துபோனது.

2. புதிய பேரலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி கிடைத்தது. ஒன்றே ஒன்றுக்கு.

3. அந்த ரைஃபிளால் சுடுகிறவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, பல்லடம் சாலையில் நிட்டிங் யூனிட் நடத்தும் ஓர் அண்ணன் மற்றவர். இருவரும் பேசி, பேரலின் முறுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும்படி கிளப் செயலாளர் கேட்டார்.

4. நான் எட்டு என்றேன். அண்ணனும் எட்டு என்றார்.

5. அதோடு என் தூக்கம் போயிற்று.

ஒரே எண்ணை இருவரும் சொன்ன பிறகு எதற்காகத் தூக்கம் போக வேண்டும்? அதைச் சொல்ல முறுக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ரைஃபிள் பேரலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. திருகாணியின் மரைபோல உள்ளே பள்ளங்கள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. குண்டு அவற்றில் கடிபட்டு, சுழன்றபடி வெளியே வருகிறது. அந்தச் சுழற்சிதான் அதைப் பம்பரம்போல நிலையாக வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் வழியிலேயே தள்ளாடிப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். குட்டையான குண்டுக்குக் கொஞ்சம் சுழற்சி போதும். நீளமான குண்டுக்கு நிறைய வேண்டும். நீளமான குண்டு எதற்கு என்றால், அதைக் காற்று குறைவாகத் தள்ளும். ஆடி மாதத்தில் பல்லடத்தைத் தாண்டி வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஸ்கூட்டரையே சாலையின் அடுத்த ஓரத்துக்குக் கொண்டுபோய் விடும். எங்கள் ரேஞ்சும் அந்தக் காற்றின் பாதையில்தான் இருக்கிறது.

நாங்கள் தேர்ந்தெடுக்கக் கூடியவை இரண்டு வகைப் பேரல்கள். ஒன்றில் எட்டு அங்குல நீளத்துக்குள் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். மற்றதில் அதே ஒரு சுற்றுக்குப் பத்து அங்குலம் ஆகும். ஆக, எட்டு என்பது கூடுதல் முறுக்கு. பத்து என்பது குறைவு. எனக்கு எட்டு வேண்டும். அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்திருந்தேன். தேசியப் போட்டி குளிர்காலத்தில், வடக்கே. அங்கே நீளமான குண்டோடு போய் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

இனி அண்ணன். அவருடைய யூனிட்டுக்கு நேரில் போய்த்தான் கேட்டேன். உள்ளே மெஷின்கள் ஓடும் சத்தத்தில் பேச முடியாது என்று நூல் பெட்டிகள் அடுக்கியிருந்த வராந்தாவுக்கு வந்தார். எட்டு, பத்து இரண்டும் கிடைக்கிறது என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

“எட்டே போட்டுருங்க அம்மிணி. நமக்கு எப்பவும் முறுக்கு கம்மியா இருக்கறதுதா நல்லது.”

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வீரபாண்டி பிரிவில் சிக்னலுக்கு நிற்கும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. கம்மியா?

பனியன் தொழிலில் நூலின் முறுக்கை வேறு விதமாக எண்ணுவோம். ஓர் அங்குல நூலில் எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. எண் கூடினால் முறுக்கு கூடும். பேரலில் அது தலைகீழ்: ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம். எண் கூடினால் முறுக்கு குறையும். ஆயுசு முழுக்க நூல் வாங்கிய மனிதருக்கு எட்டு என்று காதில் விழுந்தால் பத்தைவிட முறுக்குக் குறைந்த, மிருதுவான நூல்தான் கையில் தட்டுப்படும். வேறு எந்த ஊர்க்காரரும் இப்படித் தவறியிருக்க மாட்டார்.

முறுக்கு குறைவாக வேண்டும் என்று அவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் வீரபாண்டியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூலில் முறுக்கு கூடிவிட்டால், பின்னிய துணி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கடையில் நேராக இருந்த டிசர்ட், மூன்று துவைப்புக்குப் பிறகு பக்கத் தையலை வயிற்றுக்குக் கொண்டுவந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். துணியில் சதுரம் வரைந்து, துவைத்து, உலர்த்தி, சதுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பேன். முறுக்கைச் சந்தேகிப்பது எனக்கும் பழகிப்போன புத்திதான். கணக்குப் போடாமல் இருந்திருந்தால் நானும் குறைந்த முறுக்கையே கேட்டிருப்பேன்.

ஆக, அவர் தவறாகப் புரிந்துகொண்டதால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செயலாளர் ஆர்டரை அனுப்பிவிடுவார்.

பேசாமல் இருப்பதற்குக் காரணங்களை வரிசையாக அடுக்கினேன். எட்டு முறுக்குப் பேரலில் அவர் வழக்கமாகச் சுடும் குட்டைக் குண்டும் ஒழுங்காகத்தான் போகும். அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கேட்டால் சொல்லலாம், கேட்காதபோது எதற்கு? எல்லாமே சரியான காரணங்கள். ஆனாலும் உட்கார முடியவில்லை. கூடத்தில் வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேசைக்கு வந்தேன். மறுபடி மெஷினுக்குப் போனேன். துவைத்த சாம்பிளை அளந்து, எழுதியதை நம்பாமல் மறுபடி அளந்தேன். வீட்டில் இட்லியைப் பிய்த்தபடி முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, எட்டு, பத்துன்னு என்ன கணக்கு அது? இட்லியா? இருக்கறதே நாலுதா.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மொத்த உற்பத்தி தொடங்குவதற்கு முன் ஒரு துண்டுத் துணியை ஒப்புதல் சாம்பிள் என்று வைப்போம். வாங்குகிறவரும் விற்கிறவரும் அதே துண்டைக் கையில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் ஓரத்திலேயே கையெழுத்துப் போடுவார்கள். ஆளுக்கொரு துண்டைப் பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. பேரல் விஷயத்தில் நாங்கள் போட்டிருந்தது அப்படி ஒரு கையெழுத்து. அவர் ஒரு துணியைத் தொட்டிருக்கிறார், நான் வேறொன்றை.

செயலாளரைக் கூப்பிட்டு ஆர்டரை நிறுத்திவைக்கச் சொன்னேன். பிறகு மறுபடியும் அதே வராந்தா. பேரலில் முறுக்கை எண்ணும் விதத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அப்ப எட்டுங்கறதுதா கெட்டி முறுக்கா? நல்லவேளை சொன்னீங்க. பத்தே போட்டுருங்க.”

பயந்தது நடந்துவிட்டது. என் கணக்கை எடுத்தேன். நிலைத்தன்மைக்கு ஒரு சூத்திரம் உண்டு. குண்டின் நீளம், எடை, முறுக்கு ஆகியவற்றைக் கொடுத்தால் ஓர் எண் தரும். அந்த எண் ஒன்றரைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு தள்ளாடும். நீளமான குண்டுக்கு எட்டு முறுக்கில் ஒன்றரைக்குச் சற்று மேலே வருகிறது. பத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். கணக்கில் குறை சொல்லவில்லை. துவைக்காமல் துணியை ஒத்துக்கொள்ளும் பழக்கம் தனக்கு இல்லை என்று மட்டும் சொன்னார். நானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவள்தான்.

பேரலுக்குச் சாம்பிள் கிடையாது. ஆனால் வேறு கிளப் ஒன்றின் உறுப்பினரிடம் அதே அளவில், பத்து முறுக்குள்ள பேரல் இருந்தது. அண்ணன் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ரைஃபிளோடு எங்கள் ரேஞ்சுக்கு வரவழைத்தார். நீளமான குண்டுள்ள தோட்டாக்கள் கிளப்பில் கொஞ்சம்தான் மிச்சம். அதை நம்பித்தான் சோதனை.

பொழுது விடிந்து குளுமை குறையாதபோதே தொடங்கினோம். நூறு மீட்டரில் புது அட்டையைக் கட்டி, நானே சுட்டேன். அருகில் போய்ப் பார்த்தபோது ஓட்டைகள் சிதறியிருந்தன. அதைவிட முக்கியம், அவை வட்டமாக இல்லை. முட்டை வடிவில், ஒரு பக்கத்து ஓரம் கிழிந்து இருந்தன. குண்டு நேராக வராமல் சாய்ந்தபடி வந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து தோற்றது, விவாதம் முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் அட்டையில் விரலை வைத்துத் தடவினார். கொஞ்சம் சாய்வுதான், மோசமில்லை என்றார். வெயில் ஏறட்டும், இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார்.

வெயில் ஏறியது. காற்றும் லேசாகக் கிளம்பியது. அதே தோட்டா, அதே பேரல், புது அட்டை. இந்த முறை ஓட்டைகள் கிட்டத்தட்ட வட்டமாக இருந்தன. ஒன்றிரண்டில் மட்டும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியும் சாய்வு. நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பதிலுக்காக வந்த இடத்தில் இரண்டு பதில்கள் கிடைத்திருந்தன.

“பாருங்க, நேராயிருச்சு. பேரலுக்குக் கொஞ்சம் சூடு வேணும்போல” என்றார் அண்ணன்.

அது பேரலின் சூட்டினால் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மர நிழலுக்கும் அட்டைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். பத்து முறுக்குப் பேரல் விளிம்பில் நிற்கிறது. காற்று சூடாகி லேசாகும்போது குண்டுக்குத் தடை குறைகிறது, தப்பித்துக்கொள்கிறது. குளிரில் காற்று கனத்தால் விழுந்துவிடும். எங்கள் ஊர் மத்தியானத்தில் அது நல்ல பேரல். வடக்கே மார்கழிக் காலையில் அது தள்ளாடும் பேரல். இதை அவரிடம் சொன்னேன். சூத்திரம் எதையும் சொல்லவில்லை. இங்கே இன்று காலைக்கும் மத்தியானத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் என்றால் அங்கே எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.

அவர் இரண்டு அட்டைகளையும் பெஞ்சின்மேல் அருகருகே வைத்தார். சாம்பிள் பார்ப்பதுபோல ஒன்றைத் தொட்டார், மற்றதைத் தொட்டார். ரைஃபிளைக் கொண்டுவந்தவர் தேநீர் ஊற்றிக் கொடுத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“இங்க பாசாயி, அங்க போயி ரிஜெக்ட் ஆகற சரக்குங்கறீங்க.”

“ஆமாங்கண்ணா.”

அப்படி ஒரு சரக்கு அவருக்கு எப்போதாவது திரும்பி வந்திருக்குமோ என்று தோன்றியது. பிறகு தன்னுடைய குட்டைக் குண்டு எட்டில் எப்படிப் போகும் என்று விசாரித்தார். நன்றாகவே போகும், காற்றே இல்லாத நாளில் ஓட்டைகள் விழும் வட்டம் ஒரு நூலிழை பெரிதாகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். பெரிதாகாமலும் போகலாம், அதை நாங்கள் துவைத்துப் பார்க்கவில்லை.

“ஒரு நூலிழைதானுங்களே. அதைவிட என்ற கையே அதிகமா ஆடுது” என்றார்.

காலையில் சுட்ட அட்டையின் ஓரத்தில் எட்டு என்று எழுதி, அடைப்புக்குள் கெட்டி முறுக்கு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். அட்டையைச் செயலாளரிடம் கொடுத்தபோது அவர் இதை எங்கே ஃபைல் செய்வது என்று கேட்டார். நூல் கடையில் கொடுத்தால் சாம்பிளோடு சாம்பிளாக வைத்துக்கொள்வார்கள் என்றார் அண்ணன்.

திரும்பி வரும் வழியில் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஆர்டர் போனதும் புதிய கேள்விகள் வரிசையில் வந்து நின்றன. நீளமான தோட்டா இனிமேல் கிடைக்குமா? பேரலைப் பொருத்தி, சுட்டுப் பழக நாள் இருக்குமா? சூத்திரத்துக்கு நான் கொடுத்த நீளம் சரிதானா? அந்த வாரம் ஒரு குண்டை எங்கள் கூடத்துத் துல்லிய அளவியில் வைத்து அளந்தேன். சரியாகவே இருந்தது. மறுநாளும் அளந்தேன்.

இப்போதைய நிலைமை இது. எட்டு முறுக்குப் பேரலுக்கு ஆர்டர் போய்விட்டது. பேரல் இன்னும் வந்து சேரவில்லை. நீளமான குண்டுகளுக்கான விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. அண்ணனும் நானும் தேய்ந்த பேரலில் குட்டைக் குண்டுகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம். தேசியப் போட்டிக்கான பட்டியலில் என் பெயர் இருக்கிறது.