ஒன்பது பத்துக்கு நின்ற முள்

வியட்நாமின் ஹைஃபோங் நகரத்தில் தோவாவின் வீடு ஒல்லியாக நாலு மாடிக்கு எழும்பி நிற்கும். கீழே அவளுடைய நண்டு நூடுல்ஸ் கடை. நடுவில் வாடகைக்காரர்கள். உச்சியில், பக்கவாதம் வந்து படுத்த புருஷன் கியெம். அவன் விழுந்துவிடுவானோ என்ற பயத்திலேயே கேமரா மாட்டி, போனில் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஃபைபர் இணைப்பு வந்ததும் ரௌட்டர் வாங்கப் போனாள்.

"மாடிக்கு மாடி கான்கிரீட்டுப்பா. சிக்னல் ஏறுமா?"

"எட்டு ஆன்டெனாக்கா! மேகத்துக்கே போகும்," என்றான் கடைக்காரன்.

"உன் வாய்க்கு நாலு மாடி பத்தாதே!" என்று திட்டிக்கொண்டே அதையே வாங்கினாள். கடையில் தரையோடு இருந்த செல்வ தெய்வத்தின் மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு.

மறுநாள் காலையில் போனில் கியெம் தூங்கினான். கூட்டம் குறைந்தபின் பார்த்தாள். அதே தூக்கம். அவன் தலைக்குமேல் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. கடைக் கடிகாரத்தில் பதினொன்று.

போனில் படம் ஒன்பது பத்திலேயே உறைந்து நின்றிருந்தது. கரண்டியும் கையுமாகப் படியேறி ஓடினாள். கட்டில் காலி. கியெம் தரையில் கிடந்தான்.

"கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சுடி! காது அடைச்சிடுச்சா உனக்கு?"

இப்போது மாடிக்கொரு சின்ன ரௌட்டர், கீழிருந்து ஒயர் இழுத்து. படம் நிற்பதே இல்லை. ஆனாலும் போனைத் திறந்தால் தோவா புருஷன் முகத்தைப் பார்ப்பதில்லை. கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்க்கிறாள். அது நகரும்வரை மூச்சு விடுவதில்லை.