வலப்பக்கத்து நிழல்

மைப்பேனாவால் ஒருவரை வீட்டைவிட்டு அனுப்பியவன் நான். இப்போது ஆயர் குரோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். அதற்குக் காரணமான படமும் என் அறையில்தான் இருக்கிறது.

அப்போது மெர்லிமாவ் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரர். சீமைக்குத் திரும்பிய துரை, பழைய நாடகப் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம். லோரியில் வந்தபோதே கண்ணாடி உடைந்துவிட்டது. அப்பா அதை மாட்டியது அம்மாவின் படம் இருந்த ஆணியில். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா மறுமணம் செய்து சின்னம்மா வந்த வாரமே அம்மாவின் படம் பெட்டிக்குள் போயிருந்தது.

துரையின் படத்தில், மேடையில் ஒரு பெண். மேடை விளிம்பில் வரிசையாக விளக்குகள். வெளிச்சம் கீழிருந்து மோவாயில் ஏறியதால் கண்கள் குழிகளாகத் தெரிந்தன. அவளைவிடப் பெரிய நிழல் பின்திரையில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. எங்கள் லயத்து வீடுகளில் இறந்தவர் படத்துக்குத்தான் கீழே விளக்கு வைப்பார்கள். ஆகவே அவள் செத்தவள் என்று முடிவு செய்தேன். அவளுடைய நீட்டிய கை, பார்வை, திரையின் மடிப்புகள் எல்லாமே வலப்பக்கத்து வெற்றிடத்தைக் காட்டின. அங்கே காலி நாற்காலி ஒன்று மட்டும். அதற்கு நேர் கீழேதான் சின்னம்மா பாய் விரித்துத் துணி தைப்பார்.

கிட்டே போய்ப் பார்த்தால் இருட்டு என்பது வெறும் கோடுகள். நெருக்கிப் போட்டால் இருள், விலக்கிப் போட்டால் வெளிச்சம். அது தெரிந்த நாள் முதல், சின்னம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில் தினமும் அந்தப் படத்தில் மைப்பேனாவால் ஐந்தாறு கோடுகள் போட்டேன். வலது ஓரத்திலிருந்து ஒரு நிழல் புறப்பட்டு நாற்காலியை நோக்கி வந்தது.

மாலையில், அப்பா வருவதற்கு முன்னால், சின்னம்மா எலுமிச்சைத் தோலால் என் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிடுவார். பள்ளிக்கூட அழுக்கு என்பார்.

ஒருநாள் சோறு போடும்போது, "இந்த நெழலு நேத்து இவ்ளோ கிட்ட வரலையே," என்றார்.

"தொரை வீட்டுப் பேய்க்குத் தமிழ் தெரியாதுலா. நீ கொழம்ப ஊத்து," என்று அப்பா சிரித்தார்.

சின்னம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடி, "அதுக்கு என்னா வேணும்னு தெரிஞ்சா குடுத்துடலாம்," என்றார்.

நான் போட்ட நிழலுக்கு நானே பயந்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

நிழல் நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள், பள்ளியிலிருந்து திரும்பியபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆணியில் அம்மாவின் படம். அதன் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துரையின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. தாய்வீட்டிலிருந்து சின்னம்மாவை அழைத்துவர மூன்று முறை போன அப்பா, மூன்று முறையும் தனியாகத் திரும்பினார். "இன்னொருத்தங்க எடத்துல உக்காந்துட்டேன்" என்று மட்டும் சின்னம்மா சொன்னாராம். படத்திலிருந்த செத்தவள் எனக்காக அவரைத் துரத்திவிட்டாள் என்று நம்பினேன்.

இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். செதுக்கியவனின் ஒவ்வொரு கோடும் விளக்குகளுக்குக் கட்டுப்பட்டு மெலிந்து முடிகிறது. என்னுடையவை தடித்து, எந்த வெளிச்சத்துக்கும் சேராமல் கிடக்கின்றன. அந்த விளக்குகளால் வலப்பக்கம் நிழல் வீழ்த்தவே முடியாது. நாளெல்லாம் நூல் பிடித்துத் தைத்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அப்பா என் கையில் மையைப் பார்த்திருந்தால் போதும், மாட்டியிருப்பேன். ஆனால் அவர் வரும்போதெல்லாம் என் விரல்கள் சுத்தமாக இருந்தன.