முப்பத்தோராவது குட்டி

நான் ஒரு பாம்பு விஷ நிலையத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பாம்பு எந்தத் தேதியில் எத்தனை எலி தின்றது, எவ்வளவு விஷம் தந்தது, அவ்வளவுதான் என் எழுத்து. ஒரு பாம்பையும் நான் தொட்டதில்லை. தொட்டவள் கொக்கி அக்கா. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நடுவில் என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், அது எனக்குப் பெருமை சேர்க்காது.

பாம்பைத் தூக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் அவள் கையில் இருக்கும், சாப்பிடும்போதுகூட மடியில்தான் கிடக்கும். பதினெட்டு வருஷ வேலையில் ஒரு கடி வாங்கியதில்லை. "எனக்கு பயம் ஜாஸ்தி, அதான் உயிரோட இருக்கேன்" என்பாள். அறையைப் பூட்டும் முன் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று, உள்ளே இருப்பதை விரல் விட்டு எண்ணி, தாழைத் தட்டிப் பார்ப்பாள். பாதி வழி போய்த் திரும்பி வந்து மறுபடியும் தட்டுவாள். "வீட்டுல மாமாவையும் இப்படித்தான் எண்ணிப் பாப்பியா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அது ஒண்ணுதானேடா. எண்ண வேண்டாம், மூச்சு இருக்கான்னு பாத்தாப் போதும்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எலி அறை. பாம்புகளுக்குத் தீனியாகும் எலிகளை அங்கே வளர்த்தது அவளுடைய தங்கை. தாய் சின்ன வயதிலேயே போய்விட, அக்காதான் அவளை வளர்த்து ஆளாக்கி, கட்டிக்கொடுத்து, இந்த வேலையும் வாங்கித் தந்தாள். அறுபது தொட்டிகள். வைக்கோலுக்குள் கையை விட்டு, கண் திறக்காத குட்டி எலிகளைத் துழாவி எடுத்து எண்ணிவிட்டு, மறுபடி உள்ளே விடவேண்டும். அந்தக் கணக்கையும் நான்தான் எழுதுவேன்.

விரியன் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். அதனால் ஆணோடு சேர்த்து வைத்த பெண்ணை நெருக்கமான கம்பி வலை போட்ட பெட்டியில் வைப்போம், பென்சில் பருமன் குட்டிகூட வெளியே வர முடியாது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அகல வலைப் பெட்டி. காற்று நன்றாகப் போகும், கழுவவும் சுலபம். பதினான்காம் எண் விரியன் ஒரு செங்கல் சூளையில் பிடிபட்டு வந்தது. வந்த நாளிலிருந்து இரண்டரை வருஷமாக ஆண் வாடையே படாமல் தனியாகக் கிடந்தது. அதை அகல வலைப் பெட்டிக்கு மாற்றியது கொக்கி அக்காதான். 'தனி. குட்டிக்கு வழியில்லை' என்று அவள் சொல்ல, அட்டையில் நான் எழுதினேன்.

அந்த விரியன் திடீரென்று தீனியைத் தொடுவதை நிறுத்தியது. நாள் முழுக்க விளக்கின் சூட்டிலேயே கிடந்தது. வாலுக்கு மேலே உடம்பு கனத்துக்கொண்டே வந்தது. அக்கா நிலையத்து டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கொழுப்பும்மா. தின்னுட்டு சும்மா கிடக்குது இல்ல?" என்றார் அவர்.

"சூல் மாதிரி தெரியுது சார்."

"ஆண் இல்லாம எப்படி? நீதானே அட்டை போட்ட?"

அக்கா அசடு வழியச் சிரித்தாள். தன் அட்டையைத் தானே நம்பினாள்.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது, பெட்டிக்குள்ளும் தரையிலும் குட்டி விரியன்கள். அக்கா எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக வாளியில் போட்டாள். இருபத்தெட்டு. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! ரெண்டரை வருஷம் உள்ளயே வச்சிருந்திருக்கு!" என்று குதித்தார். பிடிபடுவதற்கு முன் எங்கோ ஒரு ஆணோடு சேர்ந்திருக்கிறது. அந்த விந்து கெடாமல் உடம்பிலேயே ஓர் ஒதுக்கில் இருந்திருக்கிறது. சில பெண் பாம்புகள் அப்படி வருஷக்கணக்கில் வைத்திருந்து, உடம்பு தோதுப்படும்போது கருத்தரிக்குமாம். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்றார். இரண்டு மாதத்துக்கு முன், கொழுப்பு என்றபோது, இது ஞாபகம் வந்திருக்கக் கூடாதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அக்கா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பெட்டிக்குள் கிடந்ததை எல்லாம் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு ஊற வைத்தாள். குட்டிகள் மெல்லிய ஜவ்வுப் பைக்குள் பிறந்து, கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஜவ்வுகள் தண்ணீரில் ஒவ்வொன்றாக விரிந்தன. அக்கா மூன்று முறை எண்ணினாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள்.

மத்தியானத்துக்குள் ரப்பர் பூட்ஸுக்குள் ஒன்று, தண்ணீர்க் குழாயின் பின்னால் ஒன்று கிடைத்தன. இன்னொன்றைக் காணோம். அறையின் மூலையில் கழுவுநீர் போகும் ஓட்டை. அதன் மறுமுனை எலி அறை. அங்கே சூடும் வைக்கோலும் குட்டி எலியும் உண்டு.

அக்கா ஓடினாள். "கையை உள்ள விடாதடீ!"

"அப்போ எலிய யாரு பாக்குறது? நீ வந்து பாக்குறியா?" என்றாள் தங்கை.

அக்கா நிஜமாகவே பார்த்தாள். மூன்று நாள், அறுபது தொட்டி, கொக்கியால் ஒவ்வொரு பிடி வைக்கோலாகக் கிளறினாள். எதுவும் அகப்படவில்லை. தொட்டிகளை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று டாக்டரிடம் கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். "ஒரு ஜவ்வு ரெண்டா கிழிஞ்சிருக்கும். நீ ரெண்டா எண்ணியிருப்ப. உனக்கு எப்பவுமே இந்த எண்ணுற வியாதி." பிறகு என் பக்கம் திரும்பி, "முப்பதுன்னு போட்டு முடி" என்றார்.

நான் முப்பது என்று எழுதினேன். முப்பத்தொன்று என்று எழுதினால் எலி அறையைப் பூட்ட வேண்டிவரும், மேலே பதில் சொல்ல வேண்டிவரும். எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம். தங்கை பிழைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைப் பதற வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா தங்கைக்குத் தடித்த தோல் கையுறை வாங்கிக் கொடுத்தாள். நாலு நாள் போட்டாள். விரல்நுனி அளவு எலிக்குட்டிகளை அதை மாட்டிக்கொண்டு எடுக்க முடியவில்லை, இரண்டு நசுங்கிச் செத்தன. கழற்றி ஆணியில் மாட்டினாள். பதிவேடு முப்பது என்கிறது, டாக்டரும் முப்பது என்கிறார், அக்கா ஒருத்திதானே பயப்படுகிறாள்?

அடுத்த வாரம் தங்கை என் மேஜைக்கு வந்து, "சார், இருபதாம் தொட்டியில குட்டி குறையுது. தாய் எலியே தின்னுடுது போல" என்றாள். தாய் எலி குட்டியைத் தின்பது சகஜம். 'தாய் தின்றது' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். மூன்றாம் நாளும் எழுதினேன். அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள், அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

நான்காம் நாள் தங்கை வந்தபோது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து சொட்டியது. கை முழங்கைவரை வீங்கியிருந்தது.

"எலி கடிச்சிருச்சு சார். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்றாள். சொல்லும்போது பல் ஈறு சிவந்து கசிந்தது. அந்த அறையில் எலி கடிப்பது தினப்படி. அவள் அதைக் கடி என்றே நினைத்ததில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள்.

விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது என்று எனக்குத் தெரியும். நான் கத்திய சத்தத்தில் அக்கா வந்தாள். துணியைப் பிரித்தாள். ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளிகள்.

"எப்போடீ?"

"காலைல, வந்ததுமே. ஏன்க்கா?"

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்து முடித்திருந்தது. டாக்டர் வண்டியை எடுக்க ஓடினார். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்ப, கடித்த நேரம் குறித்த சீட்டு வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். அக்கா தங்கையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னை வாடா போடா என்பதைத் தவிர வேறு விதமாக அவள் அழைத்ததே இல்லை.

"ஒன்பது மணின்னு எழுதுங்க சார்" என்றாள். "இதையாவது உள்ளபடி எழுதுங்க."