திறந்தே இருக்கும் இடது கண்

பள்ளிவாசலில் வுழு (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுதல்) செய்யும்போதுதான் அது தெரிந்தது. கொப்பளித்த தண்ணீர் நான் துப்பும் முன்பே இடது ஓரத்தால் வழிந்து, பக்கத்திலிருந்தவரின் சாரத்தில் (லுங்கியில்) விழுந்தது. மன்னிப்புக் கேட்டுச் சிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். என் சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்திருக்கிறது.

கல்முனையில் டொக்டர் கண்களை மூடச் சொன்னார். இடது கண் மூடவில்லை.

“முகநரம்பு வாதம் போலத்தான் இருக்கு” என்றார். (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது, பெரும்பாலும் குணமாகும்.) அன்றே ஸ்டீரொய்ட் (வீக்கம் தணிக்கும் மருந்து) தொடங்கினார். “ஆனா தலையிடியும் இருக்கெண்டு சொல்றீங்க. உள்ளுக்குக் கட்டி ஏதும் இல்லையெண்டு ஒருக்கா பாத்திருவம்.”

அந்த ‘ஒருக்கா’வை வீடு வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

தனியார் நிலையமொன்றில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலின் உள்ளே படமெடுப்பது) எடுத்தார்கள். அறிக்கை போன் செயலியில்தான் வரும். பாதுகாப்புக்காக வேறு எவர் கண்ணிலும் படாது என்றார்கள். டொக்டரை மறுபடி காண அடுத்த கிழமை (வாரம்) ஆகும்.

அறிக்கை தயார் என்று செய்தி வந்தது. திறக்க முகத்தைக் காட்ட வேண்டும். கண்களைச் சிமிட்டச் சொன்னது. ஒரு கண் மட்டும் சிமிட்டியது. ஐம்பது தாண்டிய ஒருவன் போனைப் பார்த்துக் கண்ணடித்ததுதான் மிச்சம். சிரிக்கச் சொன்னது. சிரித்தேன். முகம் பொருந்தவில்லை என்றது. நோயை அறிய வந்தவனை நோயாளியாக இருப்பதாலேயே வாசலில் நிறுத்திவிட்டது.

மாற்று வழியும் இருந்தது. அடையாள அட்டையை முகத்தோடு பிடித்துப் படம் அனுப்பினால், போனுக்கு இரகசிய எண் ஒன்று வரும். மனைவி பௌசியா படமெடுத்தாள். அனுப்பினோம். பதில் இல்லை. லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு என் மனதில் நெல்லிக்காய் அளவிலிருந்த கட்டி, அஸருக்குள் (பிற்பகல் தொழுகைக்குள்) தோடம்பழம் (ஆரஞ்சு) அளவாகிவிட்டது.

பௌசியாவும் பயந்துபோயிருந்தாள். எங்கள் ஊர்களில் பயத்துக்கு முதல் மருந்து துஆ (இறைவனிடம் வேண்டுதல்). அதே படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போட்டாள். ‘இவருக்கு துஆச் செய்ங்க, முகம் பிடிக்காம ஸ்கேன் ரிப்போட் தெறக்குதில்ல’ என்று எழுதி, சுகம் விசாரிக்க என் நம்பரையும் சேர்த்தாள். அன்புள்ளவர்கள் அதை மற்றக் குழுமங்களுக்கும் அனுப்பினார்கள். என் கோணல் முகம், அட்டை இலக்கத்தோடு, அக்கரைப்பற்று வரை போய்ச் சேர்ந்தது. யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. எனக்கும்தான்.

மாலையில் போன் வந்தது.

“சேர், ஸ்கேன் சென்டரால கதைக்கிறன். ஒங்கட முகம் பிடிக்குதில்லையாமே? இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க. தெறந்து தாறன்.”

சொன்னேன். அப்போது கேட்டிருந்தால் வீட்டு உறுதியையும் (பத்திரத்தையும்) வாசித்துக் காட்டியிருப்பேன்.

“ரிப்போட் தெறந்திட்டு சேர். கட்டி ஒண்டும் இல்லையாம். பயப்பிடாதீங்க.”

இடது கண் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது. வலதும் சேர்ந்துகொண்டது.

“இன்னொரு நம்பர் வந்திருக்கும். அதையும் சொல்லுங்க.”

பௌசியா எட்டிப் பார்த்தாள். “இஞ்ச, இது பேங்கால வந்திருக்கு! ஒங்கட மூளைக்குள்ள பேங்குக்கு என்ன அலுவல்?” போனைப் பறித்து அழைப்பைத் துண்டித்தாள்.

வங்கிக்கும் நிலையத்துக்கும் அறிவித்தோம். குழுமங்களில் சுற்றிய படத்தை அனுப்பித்தான் அவன் இரண்டு இடத்திலும் நானாகியிருந்தான். கணக்கைப் பூட்டினார்கள்; அறிக்கையும் உள்ளே பூட்டுப்பட்டது. காசு போகவில்லை. ஆனால் என் மூளையை எனக்கு முன்பே ஒரு கள்ளன் பார்த்துவிட்டான். அவன் சொன்னது உண்மையா, என்னை மயக்கச் சொன்னதா? அந்தக் கிழமை முழுவதும், ஒரு கள்ளன் உண்மை பேசியிருக்க வேண்டுமென்று துஆக் கேட்டேன்.

டொக்டர் நிலையத்திலிருந்து பிரதியை எடுப்பித்து வாசித்தார். “கள்ளன் சரியாத்தான் சொல்லியிருக்கான்” என்றார். “கட்டி இல்ல. கண்ணுக்குச் சொட்டு மருந்த மட்டும் விட்டுராதீங்க. மூடாத கண் காய்ஞ்சிரும்.”

உங்கள் முகமும் ஒருநாள் கோணினால் தாமதிக்காமல் டொக்டரிடம் போங்கள். துஆவும் கேளுங்கள், படம் போடாமல் கேளுங்கள். அல்லாஹ்வுக்கு அட்டை இலக்கம் தேவையில்லை.

மாதங்கள் போய், புருவம் அசைந்தது, பிறகு உதடு. இப்போது செயலி என்னை நான் என்று ஒத்துக்கொள்கிறது. எனக்குத்தான் சந்தேகம். தெரியாத நம்பர் அழைத்தால் கை தானாக இடது கன்னத்துக்குப் போகிறது.

எனக்கு வயது ஏறுகிறது. அந்தப் படத்தில் இருப்பவனுக்கு ஏறாது. யாருடைய போனிலோ அட்டையைப் பிடித்தபடி நிற்கிறான், இடது கண்ணை மூடாமல். யார் கேட்டாலும் நான்தான் என்று சொல்வான்.