கிள்ளாத கை

பிரம்மநாயகம் தாராவியில் இருபது வருஷமாகக் கை முறுக்கு சுற்றியவர். தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. எண்பத்தாறாம் வருஷ மழையில் அவருடைய வலது கை அவரை விட்டுப் போனது. தூக்கினால் அந்தரத்திலேயே நிற்கும்.

"இது எவன் கைளா?" என்று பெண்டாட்டி பேராச்சியிடம் கேட்டார். ரெண்டு மாசத்தில் அவளையே யாரென்று கேட்டார். அப்புறம் பேச்சே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாட்டுங்காக்கார டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மூளை அழற்சியா இருந்தா ஊசிக்கு அடங்கும், பிழைச்சுடுவார். அடங்கலேன்னா இது வேற வியாதிம்மா. காய்ச்சல் இருக்காது, கிருமி அகப்படாது, மூளை பஞ்சு மாதிரி ஓட்டையாயிடும். அதுக்கு மருந்து கிடையாது. தினம் ஒரு ஊசியா பத்து நாள் போட்டுப் பாப்போம். கை தானா வேலை செஞ்சா உடனே சொல்லுங்கோ."

பேராச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஆறாம் நாள் காலையில் கொழுந்தன் பூலோகம் கத்தினான். "மைனி, ஓடியாங்க! அண்ணன் முறுக்கு சுத்துதாவ!"

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. "மொத ஈடு எனக்குத்தான் வே!" என்றார் பக்கத்துக் கட்டில் ஜமால். வார்டே சிரித்தது. பேராச்சி தாராவிக்கு ஓடி, பிசைந்த மாவோடு வந்து விரலிடுக்கில் வைத்தாள்.

கை வெட்டி இழுத்தது. மாவு தரையில் விழுந்தது. விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

சுற்று முடிந்தால் நுனியைக் கிள்ளி ஒட்ட வேண்டும். தூக்கத்தில்கூட அவர் அதை மறக்கமாட்டார். இந்தக் கை எங்கும் கிள்ளவில்லை.

மத்தியானம் தலையில் ஒயர்களை ஒட்டினார்கள். ஓடும் காகிதத்தில் பேனா முட்கள் துள்ளின. முள் துள்ளும்போதெல்லாம் கையும் துள்ளியது. ரெண்டுக்கும் ஒரே தாளம்.

"இன்னும் நாலு ஊசி இருக்கே, டாக்டரய்யா?"

"போடறேம்மா. அழற்சியும் உள்ள இருக்கு. ஆனா அது புகை. ஊசி புகையைத்தான் அடக்கும். தீ நான் சொன்ன அந்த வேற வியாதிதான். முள்ளும் கையும் சேர்ந்து துள்றதே, அதான் அடையாளம்."

பேராச்சி அந்தக் கையைப் பிடித்து, முறுக்கு நுனியைக் கிள்ளுவது போல விரல் நுனியைக் கிள்ளினாள். கை நின்றது.

மறுபடியும் சுற்றியது.

மூணாம் வாரம் எல்லாம் அடங்கியது. பதினாறு கழிந்து பேராச்சி மாவோடு உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பூலோகம் மெல்லக் கேட்டான்:

"மைனி, கிள்ளாம சுத்திக்கிட்டே போறியளே?"