காப்பு மண்

காலை ஆறேகால் மணி. அப்பாவின் சட்டைப்பைக் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. பூதப்பாண்டிக்குக் கிழக்கே, எங்கள் வயலில் நான் முதலில் கண்டது ஒரு மஞ்சள் திட்டு. பாய் விரித்த அளவு இருக்கும். சுற்றிலும் முதல் போகமான கன்னிப்பூ நெல் பச்சையாக நின்றது. அந்த இடத்தில் மட்டும் பயிர் குறுகி, இலைகளில் வெளிறிய கீற்றுகளோடு இருந்தது. அப்பா ஒரு பயிரைப் பிடுங்கி, வேரை வாய்க்காலில் அலசிப் பார்த்தார். புழு இல்லை, பூச்சியும் இல்லை. எப்போதும் பேசிக்கொண்டே நடப்பவர் அன்று வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணான எனக்குப் பயம் அங்கேதான் பிடித்தது.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சித்தி இராஜாக்கமங்கலத்துக்காரி. குளத்தில் குளிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மை அவளைச் சீண்டினாள்.

"ஏட்டி, புதுப்பொண்ணு மஞ்சத் தேச்சுக் குளிச்ச தண்ணி வயலுக்குப் பாஞ்சிருக்கும். அதாக்கும் பயிரு மஞ்சக் குளிச்சு நிக்கி."

"இந்தத் தண்ணிதானே உங்க வயலுக்கும் பாயுது பெரியம்மை? அது மட்டும் எப்படிப் பச்சையா நிக்கி?" என்றாள் சித்தி.

படித்துறையே சிரித்தது. அறுப்புக்குள் திட்டு கால் வயலை விழுங்கியது. பெரியம்மையின் கேலி எங்கள் அடுக்களைக்கு வந்து சேர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் அக்காளான அத்தை சித்தப்பாவிடம், சித்தியின் காதில் விழும்படியே சொன்னாள்: "இவ கால் வச்ச நேரம்லே. அடுத்த பூவும் இப்படிப் போனா, கொண்டு அவ வீட்டுல விட்டிரு."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் கண்ணாடியில் என் கண்களை அடிக்கடி பார்த்துக்கொண்டேன், மஞ்சளாகிறதா என்று. சித்தி குளித்துவிட்டு வரும் ஈரக் காலடிகளை மிதிக்காமல் விலகி நடந்தேன்.

அப்பா மேற்கே கல்குளம் பக்கமிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார். அவர் திட்டைச் சுற்றி வந்து, செய்வினை என்றார். பரிகாரமும் சொன்னார். நோய் கண்ட இடத்து மண்ணை, பழி யார்மேல் விழுந்ததோ அவளே அள்ள வேண்டும். மந்திரம் ஓதிய அந்த மண்ணை, எங்களுடைய மற்ற வயல்களில் மூலைக்கு ஒரு பிடி அவளே புதைக்க வேண்டும். அதுதான் காப்பு.

"இனி பேடிக்கண்டாம்," பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, காசை மடியில் முடிந்துகொண்டார்.

நடவுக்கு முன், சித்தி மண் நிறைந்த ஓலைக்கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயலாக இறங்கினாள். துணைக்கு நான் வரப்பில் நின்றேன்.

"நீயும் ஒரு பிடி வையி மக்கா."

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கு இல்லாமலா?" என்று சிரித்துவிட்டு, அடுத்த மூலைக்குப் போனாள். ஒரு மூலையையும் விடவில்லை. மேல்மண் உலர்ந்திருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் புதைத்தாள்.

இரண்டாம் போகமான கும்பப்பூ நட்டுச் சில வாரங்களில் அப்பாவோடு போனேன். சித்தி மண் புதைத்த வயல்களில் முதலாவதில் நான்கு மூலைகளும் மஞ்சள். அடுத்த வயலிலும் அப்படியே. எல்லா வயல்களிலும் அப்படியே. நடுவில் பயிர் பச்சையாக நின்றது. மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தை சித்தப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: "அவ கை பட்ட இடத்தப் பாத்தியாலே?"

சித்தியைப் பிறந்த வீட்டில் கொண்டுவிட வில்வண்டி வந்து நின்றது. ஏறுவதற்கு முன் சித்தி என்னைக் கூப்பிட்டாள். நான் அம்மையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்தக் கை என் தலையில் பட்டுவிடுமோ என்ற பயம்.

தானியப் பயிர்களைத் தாக்கும் சில வைரஸ்கள் மண்ணிலேயே தங்கியிருந்து, அங்குள்ள ஒரு நுண்ணுயிர் வழியாக வேருக்குள் புகும் என்று பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் படித்தேன். நோய் கண்ட வயலின் மண் போகும் இடமெல்லாம் அதுவும் போகுமாம். எங்கள் வயலில் வந்தது அதுதானா என்று இனிச் சொல்ல வழியில்லை. மூலைகள் மஞ்சளித்தது கையாலா, மண்ணாலா என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை.

சித்தி போன பிறகு நட்ட கன்னிப்பூவும் மஞ்சளித்தது. அதற்குள் சித்தப்பாவுக்கு வேறு பெண் நிச்சயம் செய்திருந்தார்கள்.