எட்டாவது பாட்டைப் பாடியவள்

ஆல்பத்துக்கு விளம்பரம் தேடிக் கதை கட்டுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். பொய் சொல்வதென்றால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பேன். போன ஆடி மாதம், காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில், எனக்கே நடந்தது இது. அன்று என்னுடன் யாரும் இல்லை. அதனால் சாட்சி கிடையாது.

என் பெயர் காவேரி. 'ஊடை', அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூல், என்ற ராக் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் பெண்கள். காஞ்சிபுரத்தில் காலேஜ் படிக்கும்போது ஆரம்பித்தோம். தேவிப்ரியா பாடுவாள், கிட்டாரும் அவள்தான். முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு என்று முடிவு செய்தோம். ஏழு முடிவதற்குள் ஐந்து வருடம் ஓடிவிட்டது. கலைவாணி கல்யாணமாகி துபாய் போனாள். பெரியநாயகிக்கு சென்னையில் வேலை. தேவி பெங்களூரில். அவரவர் இருந்த இடத்திலிருந்தே வாசித்து அனுப்பினார்கள். ஊரில் மிஞ்சியது நான் மட்டும்.

எட்டாவது பாட்டுக்கு டிரம்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லையென்றால் ஏழோடு வெளியிட்டுவிடலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொண்டார்கள். ஏழோடு முடிந்தால் பேண்டும் முடிந்துவிடும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வீட்டில் டிரம்ஸ் அடிக்க முடியாது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஐயம்பேட்டையில் ஒரு மண்டபம் காலியாகக் கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் ராஜவேலு கதவைத் திறந்துவிட்டார்.

"தனியாவா வாசிக்கப் போற? கூட ஆளுங்க வரலையாமா?"

"யாரும் ஊர்ல இல்லண்ணா."

"சரி, நான் வூட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு ஒம்போது மணிக்கா வரேன். வெளி கேட்டப் பூட்டிக்கினு போறேன். யாரும் உள்ள வர மாட்டாங்க."

எண்ணூறு பேர் உட்காரும் கூடம். மேடையில் நானும் டிரம்ஸும். எதிரே சுவரோரம் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். மழை பெய்து தரை சில்லென்று இருந்தது. எப்போதும் வெறுங்காலோடு வாசிப்பவள், அன்று ஷூ போட்டிருந்தேன்.

தேவி காலையில் அனுப்பிய ஃபைலை லேப்டாப்பில் ஓடவிட்டு ஹெட்போனை மாட்டினேன். மணி ஏழு ஐம்பது.

முதலில் கிட்டார். பிறகு குரல். கொஞ்சம் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தேவி இவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை. வேலை முடிந்து வந்து, பூட்டிய வீட்டைத் திறந்து, விளக்கு போடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு.

பாட்டு முடிந்தது.

"ம்… இன்னொரு தபா."

சிரித்துவிட்டேன். ஒத்திகையில் தேவி இப்படித்தான் சொல்வாள். பாடி முடித்தவள் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்திருக்கிறாள்.

மறுபடி ஓடவிட்டு வாசித்தேன்.

"நடுவுல ஓடுற. நிதானமா அடி."

தன் கிட்டாரைத் திட்டியிருப்பாள்; நானும் ஓடியது உண்மைதான். ஆனால் இது முதல் தடவை கேட்கவில்லையே? கவனித்திருக்க மாட்டேன்…

"சரிடி" என்று உரக்கவே பதில் சொன்னேன். காலிக் கூடத்தில் என் குரல் சுற்றி வந்தது. யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் வாசிப்பைத் திருத்தி எத்தனையோ மாதமாகிறது. நன்றாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது தடவை. அதுவும் முடிந்தது. பிறகு…

"ஷூவக் கழட்டிட்டு வாசியேன்."

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

பெங்களூரில் இருப்பவளுக்கு என் கால் எப்படித் தெரியும்?

லேப்டாப்பைப் பார்த்தேன். கிட்டார் முடிந்த இடத்தில் ஃபைலும் முடிந்திருந்தது. எதுவும் ஓடவில்லை.

தேவிக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். 'பாட்டு முடிஞ்சதும் ஏதாச்சும் பேசி வெச்சிருக்கியா?' என்று மெசேஜ் அனுப்பினேன். ஒற்றை டிக்.

ஹெட்போன் ஒயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன்.

மூச்சுச் சத்தம்.

ஹெட்போனுக்குள்… பாடி முடித்தவள் மூச்சு வாங்குவதுபோல…

கழற்றி எறிந்தேன். எட்டு இருபது. கேட் பூட்டியிருந்தது. ராஜவேலு வர இன்னும் நேரம் இருந்தது. கீழே கிடந்த ஹெட்போனிலிருந்து மெல்லக் கேட்டது.

"போயிடாதயேன். இன்னொரு தபா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. ராத்திரியில் நான் குரூப்பில் 'யாராச்சும் இருக்கீங்களா?' என்று போடுவேன். காலைவரை பதில் வராது. அந்தக் கேள்வி வாய் திறந்து பேசினால் இப்படித்தான் இருக்கும்.

ஏன் செய்தேன் என்று தெரியாது. ஷூவைக் கழற்றினேன். ரெக்கார்டிங்கை அழுத்தினேன். ஹெட்போனை மாட்டினேன். ஒயர் மடியில் தொங்கியது.

கிட்டார் கேட்கவில்லை. அவள் மட்டும் பாடினாள்.

வாசித்தேன்.

பாதிப் பாட்டில் குரல் ஹெட்போனில் இல்லை.

எனக்குப் பின்னால் இருந்தது.

தோளருகே…

திரும்பவில்லை.

கடைசி அடி. அதிர்ந்துகொண்டிருந்த சிம்பல் தட்டை நிறுத்தக் கை நீட்டினேன்.

நான் தொடுமுன்பே அது நின்றது.

ராஜவேலு வந்தபோது வெளித் தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். "அண்ணா, இந்த மண்டபத்துல முன்னாடி ஏதாச்சும் ஆச்சா?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவப் போவுது? கட்டியே மூணு வருசம்தான் ஆவுது. அதுக்கு முன்ன வெறும் நெலம். ஏமா, மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்குது?"

காலையில் தேவியின் பதில் வந்திருந்தது. 'என்ன பேச்சு? கிட்டார் மட்டும்தானடி அனுப்பினேன். அந்தப் பாட்டுக்கு நான் இன்னும் ஒரு வரிகூட எழுதல.'

ஃபைலைத் திறந்து கேட்டேன். கிட்டார் மட்டும். நான் ரெக்கார்ட் செய்ததில் டிரம்ஸ் மட்டும். பேண்டில் நான் வாசித்ததிலேயே அதுதான் சிறந்தது என்று மூவரும் சொன்னார்கள். தேவி அதற்கு வரி எழுதப் பலமுறை உட்கார்ந்தாள். முடியவில்லை. "எடமே இல்லடி அதுல. ஏற்கெனவே ஆள் உக்காந்துக்கினு இருக்கற மாரி இருக்குது" என்றாள்.

தை மாதம் ஆல்பம் வெளிவந்தது. எட்டாவது பாட்டில் குரலே கிடையாது. வெறும் வாத்தியம்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து பேண்டுக்கு மெசேஜ் வந்தது. அப்படியே தருகிறேன்.

'அக்கா, நான் செய்யாறுல நர்ஸ். ஹாஸ்டல்ல இருக்கேன். ரூம்ல யாரும் இல்லாதப்ப உங்க எட்டாவது பாட்டுல ஒரு அக்கா பாடுறாங்க. ரூம்மேட் வந்துட்டா கிட்டாரும் டிரம்ஸும்தான் கேக்குது. எல்லார் பேரும் போட்டிருக்கீங்க. அவங்க பேர மட்டும் ஏன் போடல?'